பூவரசு வேலியும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தி வீரம்மாளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவள் வைத்த கொய்யா இனிக்கும் என்று சொல்வேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். கல்யாணமாகி நான் ஜீயபுரத்துக்கு வந்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். என் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவை, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஒழுகும்போல இருக்கே" என்றாள். சாம்பார் வாளி தூக்கியவன் வரைக்கும் சிரித்தான். அந்த அண்டா இன்று வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. நானும் மறக்கவில்லை. வாயில் அக்கா, வாங்க, போங்க எல்லாம் வரும். சண்டை உச்சியில் இருக்கும்போதுகூட அந்த மரியாதை குறையாது. மனசுக்குள் மட்டும் அவள், இவள்தான்.

மாமனார் போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். ரோட்டை ஒட்டிய பாதி எங்களுக்கு, வாய்க்காலை ஒட்டிய பாதி அவர்களுக்கு. நடுவில் மாமனார் ஊன்றிய பூவரசு வேலி. வெறும் கிளையை ஒடித்துப் போத்தாக நட்டது மரமாகி, கிளையும் கிளையும் பின்னிக்கொண்டு நிற்கிறது. வேலி யாருக்கு என்று கேள்வி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். வேலி பொது. அவரவர் பக்கம் நீட்டும் கிளையை அவரவர் கழித்துக்கொள்ளலாம். அடிமரத்தில் மட்டும் இரண்டு பக்கத்தாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் இன்றைக்கு ஒரு மரம், நாளைக்கு ஒரு மரம் என்று எல்லை நகர்ந்துவிடும் என்று பயம்.

அண்ணன் ரத்தினவேலும் தம்பி அரவிந்தனும் காளியம்மன் கோயிலுக்குப் போய், எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். செய்துவிட்டு இரண்டு பேரும் ஒரே பைக்கில் டீ குடிக்கப் போனார்கள். நாங்கள் இரண்டு பொம்பளைகளும் அவரவர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தம்பிக்குள் அன்றும் சண்டை இல்லை, இன்றும் இல்லை. சண்டை போடுகிற வேலையை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மண்ணைத் தொட்டால் கை கழுவுகிற ஆள். போன வருஷம் நான்தான் பிடிவாதம் பிடித்துப் பப்பாளி வைத்தேன். குழி எடுத்தது, எரு போட்டது, சொட்டுநீர்க் குழாய் இழுத்தது எல்லாம் நான் நின்று செய்தது. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"லதா, இந்தப் பப்பாளி தேறுச்சுன்னா நிலம் இருக்கட்டும். தேறலைன்னா வித்துட்டு டவுன்ல ஒரு வீடு பார்ப்போம். அப்புறம் என்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பட்டா அவர் பேரில் இருக்கிறது. எனக்கென்று இந்த உலகத்தில் அந்த மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. டவுனில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்ட என்னால் முடியாது.

மாசி கடைசியில் வந்தது சனியன். பூவரசு இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அரிசி மாவைத் தூவினது மாதிரி வெள்ளை. தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டது. கீழே விழுந்த பழைய இலைகளில் அடுப்புக்கரி பூசினது போலக் கறுப்பு. அடிமரத்தில் எறும்பு வரிசையாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மாவுப்பூச்சி. மரத்தின் சாறை உறிஞ்சியே உயிர் வாழ்கிற ஜென்மம். வேலியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. காற்று என் பக்கமாக அடித்தது. வேலியை ஒட்டிய பப்பாளி வரிசையில், காம்பு கிளம்பும் இடத்தில் வெள்ளை விழுந்திருந்தது. அப்போதுதான் காய் பிடித்திருந்தது.

உடனே மருந்து வாங்கி வந்து ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்துக் கிளை முழுக்க அடித்தேன். என் பக்கம் மட்டும். அந்தப் பக்கத்துக் கிளையில் ஒரு சொட்டுப் படக் கூடாது, அதுதானே முறை. ஒரு வாரம் சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் திரும்பி வந்து, முன்னைவிடத் தடிமனாக உட்கார்ந்தது. பாதி வேலிக்கு மருந்து அடிப்பதும் பாதித் தலைக்குப் பேன் மருந்து வைப்பதும் ஒன்றுதான்.

வேலி ஓரம் நின்று குரல் கொடுத்தேன்.

"அக்கா, உங்க பக்கமும் மருந்தடிங்க. பூச்சி அங்கேருந்துதான் வருது."

கொய்யா மரத்தடியில் கூடையை வைத்துக்கொண்டு நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூச்சி எங்கேருந்து வருதுன்னு அது உன்கிட்ட வந்து சொல்லிச்சா? நான் ஸ்ரீரங்கத்துல கோபுர வாசல்ல வெச்சுக் கொய்யா விக்கிறவ. சின்னப் புள்ளைங்க கழுவாம கடிச்சுத் திங்கிற பண்டம். மருந்து நாத்தம் என் மரத்துப் பக்கமே வரக் கூடாது."

"உங்க கொய்யாவுக்கும்தான் வரப்போகுது."

"வந்தா நான் பார்த்துக்கிறேன். நீ உன் ஒழுகுற அண்டாவைப் பாரு."

இத்தனை வருஷம் கழித்தும் அண்டா! எனக்குக் காது சூடேறிவிட்டது. பதிலுக்கு நானும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். பக்கத்து வாழைத் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பங்குனியில் வேளாண்மை ஆபீசிலிருந்து ஃபெமினா என்ற அதிகாரி வந்தார். நான்தான் நாலு தடவை போன் செய்து வரவழைத்தேன். சின்ன வயது, கறாரான பேச்சு. இலையைக் கிள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எறும்பு வரிசையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை தடவை மருந்தடிச்சீங்க?"

"நாலஞ்சு தடவை இருக்கும், மேடம்."

"அதான் இப்படிப் பெருகியிருக்கு. அதோட உடம்புல மெழுகு மாதிரி இருக்கு பாருங்க, மருந்து உள்ள இறங்காது. ஆனா அதைத் திங்க வர்ற பூச்சிங்க செத்துரும். பக்கத்துக்காரங்க மருந்தடிக்கலைன்னு சொன்னீங்களே, அது நல்லதுதான்."

அந்த ஒரு வாக்கியத்தை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டாம். அவள் கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூடையைத் தட்டுகிற சத்தம் வந்தது.

ஃபெமினா ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். மூடியில் ஊசித் துளைகள். உள்ளே பொறிவண்டுகள். மிளகைவிடச் சின்னது, கறுப்பு உடம்பு, தலை மட்டும் ஆரஞ்சு. இதுவும் இதன் புழுவும் மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காதாம். ஆனால் எறும்பு இருக்கும் வரை வேலைக்கு ஆகாது என்றார். மாவுப்பூச்சி வெளியே விடுகிற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. வண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது.

"ஒவ்வொரு அடிமரத்துலயும் துணியைச் சுத்தி, மேல கிரீஸ் தடவுங்க. எறும்பு ஏற முடியாது. அதுக்கப்புறம் வண்டை விடுங்க. முதல்ல அடிமரம், அப்புறம்தான் வண்டு."

அடிமரம். கோயில், கற்பூரம், சத்தியம் எல்லாம் அந்தப் பெண்ணுக்கு எங்கே தெரியும்?

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாகம் பிரித்த பிறகு அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. ரத்தினவேல் மாமா நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வெட்டப் போவதில்லை, கீறப் போவதில்லை, துணிதான் சுற்றப் போகிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"சாமி காரியம்மா. அடிமரத்துல கை வைக்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கோம். துணியா இருந்தா என்ன, கத்தியா இருந்தா என்ன? நிதானமா யோசிப்போம்."

நிதானம்! பூச்சி நிதானமாக இருக்குமா? உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னிக்குத் துணி சுத்துவா, நாளைக்கு இந்தத் துணி என்னோடது, அதனால மரம் என்னோடதும்பா. எனக்குத் தெரியாதா இவளை?"

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் அதையே சொன்னார். சத்தியத்தை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது, சித்திரை முடியட்டும், அப்புறம் யோசிப்போம் என்றார். அவர் கண் பப்பாளியில் இல்லை. டவுனில் ஏதோ ஒரு வீட்டில் இருந்தது.

வேறு வழியில்லாமல் வண்டுகளை அப்படியே விட்டேன். எறும்பு விரட்டி விரட்டிக் கடித்தது. பாதிக்கு மேல் பறந்து தொலைந்தன. ஆனாலும் எதிரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் மாதிரி எப்படியோ ஒட்டிக்கொண்டு சிலது பிழைத்தன. ஒரு நாள் காலையில் கிளையைத் திருப்பிப் பார்த்தால், புழு! உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு தொங்கத் தொங்க, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் மேய்ந்துகொண்டிருந்தது. பார்வைக்கு அதுவும் மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும். மூணு மடங்கு பெரிசு, வேகமாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபெமினா முன்னாடியே போனில் படம் அனுப்பியிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அது போன வழியெல்லாம் இலை பச்சையாகத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கிளைக்கு எதிரே கையெடுத்துக் கும்பிட்டேன்.

வேலியில் இரை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தானே புழு போகும்? என் பக்கம் மருந்தில் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் பக்கம் கொழுத்துக் கிடந்தது. எல்லாம் அங்கே நகர்ந்தன. போகட்டும், தின்னட்டும், அங்கே தீர்ந்தால் எனக்குத்தான் லாபம் என்று நானும் சும்மா இருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம் பப்பாளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சந்தோஷமான குரல்.

"ஏண்டி லதா, ஆபீஸ்காரியை வெச்சுப் பெரிய பூச்சியா கொண்டாந்து என் பக்கம் ஏவி விட்டா, நான் பார்த்துக்கிட்டு இருப்பேனா? ஒண்ணு விடல. அத்தனையும் கையால பொறுக்கிட்டேன்."

ஓடிப்போய் கிளையை விலக்கிப் பார்த்தேன். பெயிண்ட் டப்பா ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. நாலு நாளாகக் காலையிலும் சாயங்காலமும் முக்காலி போட்டு ஏறி நின்று, ஒவ்வொரு கிளையாகத் திருப்பி, பெரிசு பெரிசாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள். சின்னது ஆயிரக்கணக்கில் இருந்ததால் அதை விட்டுவிட்டாளாம். பெரிசு போனால் சின்னது தானாகச் சாகும் என்று கணக்கு.

"ஐயோ பாவி! அது மாவுப்பூச்சி இல்ல, அதைத் திங்கிற புழு! உங்க மரத்தையும் சேர்த்துக் காப்பாத்த வந்ததை ஒண்ணு விடாம கொன்னுட்டீங்களே!"

"வெள்ளையா இருக்கு, பஞ்சு பஞ்சா இருக்கு, அதோட சேர்ந்தே உக்காந்திருக்கு. அதைத் திங்கிறதாம்! யார் காதுல பூ சுத்துற?"

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கிளை இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவள் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். முகம் ஒரு கணம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"படம்னா யார் வேணா எதை வேணா அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு போய்விட்டாள்.

அன்றைக்கு நான் விட்ட சாபத்தில் பாதி பலித்திருந்தால்கூட அவள் குடும்பம் இன்று இருக்காது. அவ்வளவு வெறுப்பு. தப்பு என்று தெரிந்த பிறகும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளாதவளை எப்படி மன்னிப்பது? தின்ன ஆளில்லாமல் போனதும் மாவுப்பூச்சி தலைகால் தெரியாமல் பெருகியது. வேலியோரப் பப்பாளி வரிசை முழுக்கப் போனது. காயெல்லாம் வெள்ளை அப்பி, பிசினாகி, அழுகி விழுந்தது. இரண்டாவது வரிசையிலும் தலை சுருள ஆரம்பித்தது. அவள் கொய்யாவிலும் ஏறிவிட்டதைக் கிளை இடுக்கில் பார்த்தேன். எனக்கு அது ஒரு நாள் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இல்லை.

சித்திரையில் ஒரு காலை. நான் அழுகின காய்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலிருந்தும் பரவும். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து நின்றாள். கையில் கூடை இல்லை. ஸ்ரீரங்கத்துக்குப் போகிற நேரம், ஆனால் போகவில்லை.

"உன் மூஞ்சில முழிக்கவே எனக்குப் புடிக்கல" என்றாள்.

"எனக்கு மட்டும் வேண்டுதலா? எதுக்கு வந்தீங்க?"

"நேத்து ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். தைரியராஜாம், பிளாட் போட்டு விக்கிற புரோக்கர். டீ கொண்டுபோய் வெச்சேன். உங்க மாமா அவன்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு. தம்பி பங்குல பப்பாளி போயிருச்சு, சித்திரை முடிஞ்சதும் அவன் வித்துருவான், ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் போட்டாத்தான் பிளாட் ஆகும்னு."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். என் கொய்யாவும் சேர்த்து. என்னை ஒரு வார்த்தை கேக்கல. டீயை எடுத்துக்கிட்டு, சர்க்கரை கம்மின்னாரு." அவள் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "உன் நிலம் போனா எனக்கு ஒண்ணுமில்ல, பட்டாசு வெடிப்பேன். உன் பப்பாளி போனா என் கொய்யா போகுது. அதுக்காகத்தான் வந்தேன்."

"அப்ப அடிமரத்துல துணி சுத்த விடுங்க. எறும்பை நிறுத்துனாத்தான் வண்டு வேலை செய்யும்."

"சத்தியம் இருக்கே."

"அதான் நானும் கேக்குறேன். சத்தியத்தைக் கட்டிக்கிட்டு அழுவோமா?"

அவள் கொஞ்ச நேரம் அடிமரத்தில் ஏறுகிற எறும்பையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டி, கோயிலுக்கு நீ போனியா?"

"இல்ல."

"நானும் போகல. கற்பூரத்துல கை வெச்சது அந்த ரெண்டு பேரு. நம்மளைக் கூப்பிடக்கூட இல்ல. பாகத்துலயும் நம்ம பேரு இல்ல, சத்தியத்துலயும் நம்ம பேரு இல்ல. அப்ப அது நம்மளை எப்படிக் கட்டும்?"

இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். அது எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அவள் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நான் மெக்கானிக் கடையில் கிரீஸ் வாங்கி வந்தேன். மரம் பருத்துவிட்டதால் ஒரு பக்கம் நின்று துணியைச் சுற்ற முடியாது. நான் இந்தப் பக்கத்திலிருந்து முனையைக் கொடுக்க வேண்டும், அவள் அந்தப் பக்கம் வாங்கி இழுத்து, மறுபடி என் கையில் தர வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் அவள் விரல் என் விரலில் பட்டது. கிரீஸ் பூசிய கையோடு இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே சுற்றினோம். இறுக்கிப் பிடி, சோறு திங்கலையா என்பாள். உங்க சேலை மாதிரியே துணியும் இத்துப்போயிருக்கு என்பேன். ஒரு மரத்தடியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே, "அந்தப் புழுவை நான் தெரியாமத்தான் கொன்னேன்" என்றாள். நான் அடுத்த மரத்துக்குத் துணி முனையை நீட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அவள் எதிரே அழுவதைவிட நிலத்தை விற்றுவிடலாம்.

சாயங்காலம் ரத்தினவேல் மாமா வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். சத்தியம் போச்சு, காளியம்மா கண்ணைக் குத்தும் என்றார். "குத்துனா எங்களைக் குத்தட்டும். நீங்க ஏன் துடிக்கிறீங்க, உங்க கை சுத்தமாத்தானே இருக்கு?" என்றாள் அவள். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு நிமிஷம் அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஃபெமினா இன்னொரு டப்பா கொண்டுவந்தார். இந்தத் தடவை எறும்பு கீழேயே திண்டாடியது. வண்டு முட்டை வைத்து, புழு வந்து, பஞ்சைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் மேய்ந்தது. வைகாசி பிறக்கும்போது பூவரசில் புதுக் கொழுந்து நேராக நிமிர்ந்து வந்தது. பப்பாளியில் பாதி போனது போனதுதான். மீதிப் பாதியில் காய் பழுத்து, காந்தி மார்க்கெட்டுக்கு வண்டி ஏறியது. நான் என் வீட்டுக்காரரிடம் தேறிவிட்டது என்றேன். பாதி தேறினால் தேறினதாகக் கணக்கா என்று கேட்டார் அவர். அண்ணன் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் அந்தத் தைரியராஜைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் வந்தார்கள். அவன் கண்ணாலேயே ரோடு போட்டுக்கொண்டு வந்தான். அந்த நேரத்தில் நாங்கள் ஏற்கெனவே சண்டையில்தான் இருந்தோம். என் பக்கத்துக் கிளையிலிருந்த புழுக்களை அவள் இலையோடு கிள்ளித் தன் கொய்யாவில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

"என் டப்பாவுல வந்த புழுவைத் திருடுறீங்களே, வெக்கமா இல்ல?"

"வேலி பொதுன்னா புழுவும் பொது. உன் பேரு அது நெத்தியில எழுதியிருக்கா?"

"அன்னிக்கு மண்ணெண்ணெயில போட்டுக் கொன்ன கைக்கு இன்னிக்குப் புழு கேக்குதா?"

புரோக்கர் நின்றுவிட்டான். "என்ன சார், எல்லைப் பிரச்சினையா?" என்று ரத்தினவேல் மாமாவிடம் மெதுவாகக் கேட்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பொம்பளைங்க பேச்சு" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஆளின் பக்கம் திரும்பினாள்.

"பிரச்சினை இல்லைன்னு யாரு சொன்னது? பாகம் பிரிச்சதே சரியில்ல. ரோடு மொத்தமும் அவளுக்கு, வாய்க்கால் எனக்கா? இந்த வேலிக்கு மேல நான் கேஸ் போடப்போறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்க என்ன போடுறது? நான் போடுறேன். வேலி முழுக்க என் மாமனார் எனக்குன்னு வாயால சொன்னாரு. கோர்ட்டுல பார்ப்போம்."

"பார்ப்போம்டி. என் ஆயுசு முடியற வரைக்கும் இழுப்பேன்."

"நான் அதுக்கப்புறமும் இழுப்பேன்!"

தைரியராஜ் பைக் சாவியை எடுத்துவிட்டான். வில்லங்கம் இருக்கிற இடத்தில் பிளாட் போட முடியாது, முதலில் குடும்பத்தில் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் ரோட்டில் மறைகிற வரைக்கும் நாங்கள் நிறுத்தவில்லை. நடிப்பா என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக இல்லை. அவள் நிஜமாகவே திட்டினாள், நானும் நிஜமாகவே திட்டினேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் இரண்டு பேர் கண்ணும் ஒன்றையொன்று பார்த்தன. அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் தேன் வடிந்தது.

"லதா, என்ன இருந்தாலும் அவங்க மூத்தவங்க. அண்ணிகிட்டப் போய் ஒரு வார்த்தை சமாதானமாப் பேசிடேன். குடும்பம்னா விட்டுக்கொடுத்துப் போகணும். எவ்வளவு நாளைக்குத்தான் இப்படி?"

இருபது வருஷமாக இந்த வார்த்தையை இந்த மனுஷன் வாயிலிருந்து கேட்க ஏங்கியிருக்கிறேன். அண்டா நாளன்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"என் உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் பேசமாட்டேன்" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ யாரிடமோ தணிந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் குரல், நான் சொன்னதைவிடச் சத்தமாக, எனக்கும் கேட்க வேண்டும் என்றே வந்தது.

"அவகூடவா? இந்தக் கட்டை வேகுற வரைக்கும் முடியாது!"